ஒரே எண்

பதினெட்டு லாரிக்கு வாங்கினேன்.
லாரி என்பது இந்த ஊரில் காசு.
பஸ் என்பது என் தொழிலில் வண்டி இல்லை,
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு
காரின் தரைக்கடியில் ஓடும் இரண்டு கம்பி.
அந்தக் கம்பிகளின் பேச்சைக்
கணினிக்குச் சொல்லும் பச்சைத் தகடு இது.
எலியாவா சந்தையில், கார்களின் கழற்றிய கண்கள்
குவிந்து கிடக்கும் சந்தில் கிடைத்தது.
பெட்டியில்லை, குறிப்புத் தாளில்லை.
வேலை செய்யாவிட்டால்? என்றேன்.
செய்தால் வந்து சொல்லு,
எனக்கும் தெரியணும் என்றான் விற்றவன்.

இரண்டாக வாங்கியது தவறு.
இரண்டுக்கும் ஒரே வரிசை எண்:
பதினோரு பூஜ்ஜியம், கடைசியில் ஓர் ஒன்று.
செய்தவர்களுக்குப் பெயர் வைக்க நேரமில்லை.
எது எதுவென்று லினக்ஸ் தினமும் மாற்றிச் சொல்ல,
நகப்பூச்சால் ஒன்றுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தேன்.
பொட்டில்லாதது மார்ச்சில் புகைந்து போயிற்று.

இன்றிரவு உஷாங்கியின் டாக்ஸி.
வலப்பக்க ஸ்டீயரிங், ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்தது.
க்ல்தானி மேட்டில் ஏறும்போது
சிவப்பு முக்கோணம் எரிகிறதாம்.
பேட்டரி செத்துவிட்டது, இரண்டாயிரம் எடுத்து வை
என்றிருக்கிறான் பேட்டரி விற்பவன்.
உஷாங்கி முன்சீட்டில் தூங்குகிறார்,
தொப்பியை முகத்தில் கவிழ்த்து,
கடன்காரரிடம் பேசுகிற மாதிரி முனகிக்கொண்டு.

சொருகினேன். கருந்திரையில் ஒரு வரி:
வந்துவிட்டது.
நொடிக்கு ஐந்து லட்சம் என்று வேகம் சொன்னேன்,
வாயைத் திறக்காமல் கேள் என்றும் சொன்னேன்.
பிழை. பிழை. பிழை.
பிறகு மௌனம்.

இதற்கான நிரலை எழுதியவர் யாரோ.
மூலத்தைத் திறந்தால், நடுவில்,
அலுத்துப்போன குரலில் ஒரு குறிப்பு:
மலிவானவை சில, கேட்காமலே
பாதைக்கு முற்றுப்புள்ளி வைக்கும்; பார்த்துக்கொள்ளவும்.
திருப்பிப் பார்த்தேன்.
ஆம், நூற்றிருபது ஓம், அரிசி நொய்யளவு.
கம்பியின் இரு முனையிலும் ஏற்கெனவே உண்டு அது,
சொன்ன சொல் முட்டித் திரும்பாமல் விழுங்கிக்கொள்ள.
நடுவில் வந்து உட்கார்ந்த என் தகடு
தன்னையும் ஒரு முனையென்று நினைத்திருக்கிறது.
சூட்டுக்கோலால் தொட்டேன். நொய் உதிர்ந்தது.

அப்புறம் கொட்டியது பாருங்கள்.
சக்கரம், கதவு, பிரேக், கண்ணாடி
எல்லோரும் ஒரே கம்பியில், ஒரே நேரத்தில்.
ஆனாலும் சண்டையில்லை.
இரண்டு பேர் சேர்ந்து வாயெடுத்தால்
பெரிய எண் நிறுத்திக்கொள்ளும், சின்ன எண் முடிக்கும்,
பெரியது அப்புறம் முதலிலிருந்து சொல்லும்.
எங்கள் கட்டிடத்தின் லிஃப்ட் கூட்டத்தில்
ஒருநாளும் பார்த்ததில்லை இதை.

கேட்டால் மட்டும் சொல்கிற எண்களும் உண்டு.
வாய்ப்பூட்டை எடுத்து ஒரே கேள்வி அனுப்பினேன்.
பதினான்கு அறைகள், பதினான்கு மின்னழுத்தம்.
எல்லாம் தோளோடு தோள்.
எதுவும் சாகவில்லை.
சூடு மட்டும் ஐம்பத்தெட்டு.

பின்சீட்டின் ஓரம் காற்று வாங்கும் துளை.
பலகையைக் கழற்றிக் கையை விட்டேன்.
விசிறி முழுக்க மயிர். வெள்ளை, கொஞ்சம் பழுப்பு.
ஒரு பூனைக்குட்டி செய்யலாம்,
அவ்வளவு எடுத்தேன்.

உஷாங்கி, நாய் வளர்க்கிறீர்களா?
தொப்பிக்குள்ளிருந்து: இல்லையே.
மனைவிக்கு ஆகாது.
கொஞ்ச நேரம் கழித்து:
ஜனவரியில் பனி.
சவாரி இல்லாத ராத்திரியில்
நிறுத்தத்தில் வந்து நிற்கும் ஒன்று.
கதவைத் திறந்தால் ஏறிக்கொள்ளும்.
என்னுடைய நாயில்லை.
காதில் நகராட்சியின் மஞ்சள் வில்லை இருக்கிறது.
எண் என்ன? என்றேன், சும்மாதான்.
யோசிக்கவே இல்லை மனிதர்,
ஐந்து இலக்கமும் சொன்னார்.

விசிறி சுற்றியது. ஐம்பத்தொன்று. நாற்பத்தாறு.
இருபது லாரி தந்தார், முப்பது கேட்டிருந்தேன்.
பொட்டு வைத்ததைக் கழற்றி
பிஸ்கட் டப்பாவில் போட்டேன்.
நாளை சந்தைக்குப் போய் அவனிடம் சொல்ல வேண்டும்,
செய்கிறது என்று.